மல்கோவால் துயரமும் வரலாற்றின் தீர்ப்பும்

மருத்துவ ஆராய்ச்சி பிழைத்துப் பேரழிவாய் முடிதலைப் பொருளாகக் கொண்ட அச்சக் கதைகள் மேனாட்டிற் பெருகத் தொடங்கி இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றன. 1818ஆம் ஆண்டு மேரி செல்லி என்னும் ஆங்கில நங்கை இயற்றிய பிராங்கென்ஸ்டைன் என்னும் நவீனம் அவற்றுக்கெல்லாம் தாய் எனலாம். 1931இல் அது அமெரிக்காவிலே பேசும் படமாகி உலகெங்கும் ஓடிற்று. தமிழிலும் 1989இல் வேலு பிரபாகரனின் இயக்கத்தில் ‘நாளைய மனிதன்’ என்னும் படம் வெளிவந்தது. இறந்தாரை எழுப்பும் மருந்தொன்று, எழுந்த பிணத்தைக் கொலைப்பேயாக மாற்றிவிடுவதே அதன் கதை. இக்கதைகள் யாவற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. செருக்கினாலோ பித்தினாலோ வரம்பு கடந்த தனி விஞ்ஞானி ஒருவன் இருப்பான். அவன் செய்த பிழை இன்னதென்பது பார்ப்போர் அனைவர்க்கும் தெளிவாய் விளங்கும். முடிவில் அவன் தண்டனையும் பெறுவான்.

உண்மை வரலாற்றில் மருத்துவம் பிழைத்த இடங்கள் இத்துணைத் தெளிவாய் அமைவதில்லை. அதற்குத் தக்க சான்று, 1902ஆம் ஆண்டிலே பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த துயரமாகும். அந்நிகழ்ச்சியில் பத்தொன்பது உயிர்கள் ஒரு போத்தல் மருந்தினால் மாண்டன. அம்மருந்தை ஆக்கிய அறிஞரின் பெயர் ஐந்தாண்டுக் காலம் பழிக்கு உள்ளாயிற்று. பழி நீங்கிய பின்னரும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. இவ்வரலாறு ஆராயத்தக்கது.

வால்டமார் ஹாவ்கின் என்பார் 1860ஆம் ஆண்டு கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அந்நகரம் அக்காலம் உருசியப் பேரரசின் கீழ் இருந்தது. இன்று உக்கிரேன் நாட்டைச் சேர்ந்தது. அங்கே மெச்னிக்கோவ் என்னும் பேரறிஞரிடம் உயிரியல் கற்றார். யூதர்க்கு உயர்பதவிகள் எளிதிற் கிட்டாத நாடாதலின் அதனை நீங்கி, 1889இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அங்கு அவருக்கு முதலிற் கிடைத்தது உதவி நூலகர் வேலையே. ஓய்ந்த நேரங்களில் ஆய்வுகூடத்தில் உழைத்து, வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்தொன்றை ஆக்கினார். 1892ஆம் ஆண்டு யூலைத் திங்களில் அதனை முதன்முதல் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு, நேர்ந்த காய்ச்சலையும் நோவையும் குறித்து வைத்தார்.

1893இல் அவர் இந்தியா சென்றார். வாந்திபேதி ஆண்டுதோறும் உயிர்களை வாரிக்கொண்டிருந்த கல்கத்தாவின் சேரிகளில், இந்திய மருத்துவர் சிலருடைய துணையோடு, மக்கள் முன்னிலையிலே தமக்கே ஊசி ஏற்றிக் காட்டி நம்பிக்கை பெற்றார். 1896ஆம் ஆண்டு பம்பாயிலே பிளேக்கு என்னும் கொள்ளைநோய் தோன்றியபொழுது அரசாங்கம் அவரை அங்கு அழைத்தது. எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மாந்தரைப் பற்றும் அந்நோயின் கிருமி, 1894இலேதான் ஹொங்கொங்கிற் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. மருந்து எதுவும் இல்லை. பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கப்பட்ட சிறிய இடத்திலிருந்து ஹாவ்கின் மூன்று திங்களில் ஒரு தடுப்பு மருந்தை ஆக்கி, 1897ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அதனையும் முதலில் தமக்கே ஏற்றிக்கொண்டார்.

அத்திங்களின் இறுதியில் பம்பாய்ப் பைகுல்லாச் சிறைச்சாலையுள் நோய் புகுந்தது. கைதிகளுள் 147 பேர்க்கு ஊசி ஏற்றப்பட்டது. 172 பேர்க்கு ஏற்றப்படவில்லை. ஏற்றப்படாதவருள் 12 பேரை நோய் பற்ற, 6 பேர் இறந்தனர். ஏற்றப்பட்டவருள் இருவரையே நோய் பற்றிற்று, ஒருவரும் இறந்திலர். எண்ணிக்கை சிறிதேயெனினும் மருந்தின் பயனை அது உணர்த்திற்று. ஆயினும் வேறொன்றும் இங்கே நோக்கற்பாலது. சிறையிலிருப்போன் ‘ஆம்’ எனச் சொல்லும் சொல் எந்த அளவுக்குத் தன் விருப்பிற் பிறந்த சொல்லாகும்? இவ்வினாவை அக்காலத்து ஆட்சியாளர் எழுப்பவில்லை. அது எழுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

பொதுமக்கள் ஊசிக்கு அஞ்சினர். அவ்வச்சத்தை அறியாமையென ஒதுக்கிவிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. பிளேக்கைத் தடுப்பதற்கென வந்த படைவீரர் வீடுகளிற் புகுந்து, பொருள்களை எரித்து, நோயாளரையும் பெண்டிரையும் வலிந்து சோதித்த கொடுமையைப் புனே நகரத்தார் அனுபவித்திருந்தனர். அதன் பயனாக 1897ஆம் ஆண்டு யூன் 22ஆம் நாள் பிளேக்கு அதிகாரியாகிய ராண்ட் என்பாரைச் சாபேக்கர் உடன்பிறந்தார் சுட்டனர். மருந்தைக் கொண்டுவருபவனும் வரி கேட்பவனும் சிறையிலிடுபவனும் ஒருவனே ஆனால், மருந்தின்மேல் மாத்திரம் நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்? நோயைத் தெய்வத்தின் சினமெனக் கொண்டு அதனைக் குளிர்விக்க முயல்வது தென்னாட்டார்க்கும் ஈழத்தார்க்கும் நெடுநாள் வழக்கம். மட்டக்களப்பு நாட்டிலே வைகாசித் திங்களிற் கண்ணகை அம்மன் கோயில்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கு அத்தகையதே. அச்சடங்கில் ஊரார் தாமே கூடித் தம் நலனுக்காகச் செய்கின்றனர். ஊசியோ வெளியிலிருந்து வந்தது, அதன் உள்ளிருப்பது யாதென ஊரார் அறியார், கேட்டறிவதற்கும் வழியில்லை.

1902இல் பஞ்சாபை நோய் கடுமையாகத் தாக்கியது. மாகாண அரசாங்கம் இலட்சக்கணக்கானோர்க்கு ஊசி ஏற்றப் பெருந்திட்டமொன்று வகுத்தது. பம்பாய்ப் பரேலில் ஹாவ்கினின் தலைமையில் இயங்கிய ஆய்வுகூடத்தின்மேல் அதன் சுமை முழுதும் விழுந்தது. விரைந்தும் மிகுதியாகவும் மருந்தாக்க வேண்டியிருந்தமையால் அவர் ஆக்கமுறையிற் சில மாற்றங்கள் செய்தார். முன்னர் மருந்தைக் காப்பதற்காகச் சிறிதளவு காபோலிக்கமிலம் சேர்ப்பது வழக்கம். புதிய முறையில் அதனை விடுத்து, வெப்பத்தால் தூய்மை செய்வதையே கொண்டார். இம்முறை பாரிசுப் பாஸ்டர் நிலையத்திற் கையாளப்பட்டு வந்த முறையே. எனினும் பிரித்தானிய அதிகாரிகளுக்கு அது பழக்கமற்றது.

1902ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபின் குஜராத் மாவட்டத்திலிருந்த மல்கோவாலில் 107 பேர்க்கு ஊசி ஏற்றப்பட்டது. அவ்வூர் இன்று பாக்கிஸ்தானில் மண்டி பகாவுதீன் மாவட்டத்திலுள்ளது. அன்று திறக்கப்பட்ட போத்தல்கள் பலவற்றுள் ஒன்று 53 என் என்னும் குறியிட்டது. அது நாற்பத்தொரு நாட்களுக்கு முன் பரேலில் நிரப்பப்பட்டது. அதிலிருந்து மருந்து பெற்றவர் பத்தொன்பதின்மர். ஏறத்தாழ ஒரு கிழமை சென்றபின் அவர்கட்குத் தாடை இறுகிற்று. உடல் வில்லென வளைந்தது. ஒருவர் தப்பாமற் பத்தொன்பதின்மரும் இறந்தனர். ஏனைய போத்தல்களினின்று ஊசி பெற்றவர்க்கோ தீங்கு நேரவில்லை.

அவர்களைக் கொன்றது பிளேக்கு அன்று. வடமொழியாளர் தனுர்வாதம் என்றும் ஈழத்தமிழர் ஏற்பு என்றும் வழங்கும் நோயே அது. இதன் கிருமி மண்ணிலும், மாடு குதிரை முதலியவற்றின் சாணத்திலும் வித்தி வடிவில் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். காற்றுப் புகாத ஆழ்ந்த புண்ணிற் சென்று சேர்ந்தாற் பெருகி நஞ்சு கக்கும். படுவான்கரை வேளாண் மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த வயல்களில் மாடும் எருமையும் மிதித்த சேற்றில் வெறுங்காலோடு நடப்பவன், முள்ளோ மண்வெட்டியோ பட்ட சிறு காயத்துக்கும் ஏற்பூசி போட விரைவது இதனாலேயே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, வாவிக்கு அப்பாலுள்ள மட்டக்களப்பு மருத்துவமனைக்குச் செல்ல இக்கரையார் பலர் படகுத்துறையை நம்பியிருந்தனர். காலம் தாழ்த்தினால் உயிர் தங்காத நோய் எத்தகையதென்பதை அறிய அவர்கட்கு ஏட்டுக் கல்வி வேண்டியதில்லை. 1902ஆம் ஆண்டுப் பஞ்சாப் உழவரோ அத்தகைய தடுப்பூசியும் இல்லாதவர்.

பத்தொன்பது பேர் இறந்த செய்தி பரவவே பஞ்சாபின் பெருந்திட்டம் குலைந்தது. அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. பம்பாய் உயர்நீதிமன்றத்துத் தலைமை நீதிபதி சேர் லோறன்ஸ் ஜென்கின்ஸ் அதன் தலைவர். படைமருத்துவர் இருவர் உறுப்பினர். போத்தல் மல்கோவாலில் திறக்கப்படுமுன்னரே, அஃதாவது பரேலிலேயே, மாசுற்றது என்பது 1903இல் அவர்கள் கண்ட முடிபு. காபோலிக்கமிலத்தை நீக்கியது பெருங்குறையெனக் காட்டப்பட்டது. ஹாவ்கின் பரேல் ஆய்வுகூடத் தலைமையினின்று நீக்கப்பட்டு விடுப்பில் விடப்பட்டார். அவர் ஐரோப்பா சென்று, தமக்கெதிராய்க் கூறப்பட்டவற்றை மறுத்துக்கொண்டேயிருந்தார். ஆயினும் சான்றுகள் பொதுமக்கள் பார்வைக்கு வர ஆண்டுகள் சில கழிந்தன.

சான்றுகள் வெளிவந்தபொழுது அறிஞர் உலகம் வியப்புற்றது. இலண்டன் இலிஸ்டர் நிலையத்தாரும் அவற்றை ஆராய்ந்தனர். அவர்கள் கருத்தும் உரொனால்ட் உரொஸ் முதலிய அறிஞரின் கருத்தும் ஆணைக்குழுவின் முடிபுக்கு மாறாய் அமைந்தன. அவர்தம் வாதத்தின் சாரத்தைச் சுருக்கிக் கூறின் பின்வருமாறு அமையும்.

முதலாவது, ஏற்புக் கிருமி பரேலிலேயே போத்தலுட் புகுந்திருப்பின், காற்றுப் புகாத நீர்மத்தில் நாற்பத்தொரு நாட்கள் தடையின்றிப் பெருகியிருக்கும், நஞ்சும் நிறைந்திருக்கும். அத்தகைய மருந்து கெட்ட நாற்றம் வீசுதல் இயல்பு. போத்தலைத் திறந்த மருத்துவர் அதனை முகர்ந்து பார்த்ததாகவும் நாற்றம் எதுவும் இல்லையெனவும் சாட்சியம் கூறியிருந்தார். இரண்டாவது, ஆயத்தமாய் ஊறிய நஞ்சு உடலிற் புகுந்தால் நோய்க்குறி விரைவிலே தோன்றும். மல்கோவாலிலோ ஏறத்தாழ ஒரு கிழமை சென்றது. புதிதாய்ப் புகுந்த கிருமி உடலினுள் முளைத்துப் பெருகுவதற்கு வேண்டிய காலமே அது. மூன்றாவது, சிறிதளவு காபோலிக்கமிலம் ஏற்புக் கிருமியின் வித்திகளை எளிதிற் கொல்லாது. ஆகவே அதனை நீக்கியமையாலேயே கேடு விளைந்தது என்றல் பொருந்தாது. நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது. போத்தலின் தக்கையை இழுப்பதற்குக் கொண்ட இடுக்கி உதவியாளர் ஒருவர் கையினின்று மண்ணில் விழுந்தது. அதனைத் தீயிலோ கொதிநீரிலோ இட்டுத் தூய்மை செய்யாது, கிருமிநாசினி நீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தினர் என்பது சாட்சியங்களில் இருந்தது. ஆணைக்குழுவிலிருந்தோர் இதற்கு உரிய நிறை அளிக்கவில்லை.

1907ஆம் ஆண்டு யூலைத் திங்களில் உரொஸ் உள்ளிட்ட நுண்ணுயிரியல் அறிஞர் பதின்மர் இலண்டன் ரைம்ஸ் நாளிதழிற் கடிதம் எழுதினர். ஹாவ்கின்மேற் சாற்றப்பட்ட பழிக்கு ஆதாரம் இல்லையென வன்மையாய் எடுத்துரைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர் பழிநீங்கப் பெற்றார். அவர் யூதராதலின், பிரெஞ்சு நாட்டிலே 1894இற் பொய்க் குற்றம் சாட்டப்பட்டு 1906இல் மீட்கப்பட்ட டிரைபஸ் என்னும் யூதப் படையதிகாரியின் வழக்கோடு இதனை ஒப்பிட்டு, ‘சிறிய டிரைபஸ் வழக்கு’ எனப் பெயரிட்டோரும் உண்டு. மீண்டும் இந்தியா சென்ற ஹாவ்கினுக்குப் பரேல் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு பதவி கிடைத்தது. ஆயினும் மாந்தரிடத்து மருந்துகளைச் சோதிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஓய்வு பெற்று ஐரோப்பா மீண்ட அவர் 1930ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் சுவிற்சர்லாந்திற் காலமானார். பரேல் ஆய்வுகூடம் 1925இல் அவர் பெயரைப் பெற்று இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. 1897 தொடக்கம் 1925வரை அங்கிருந்து அனுப்பப்பட்ட பிளேக்கு மருந்து 2 கோடி 60 இலட்சம் வேளைகள் எனக் கணக்கிட்டுள்ளனர்.

கதை இங்கே முடிந்ததெனக் கொண்டு, ‘குற்றமற்ற அறிஞர் வென்றார்’ என எழுதி விடுதல் எளிது. வரலாறு பயில்வோர் அங்ஙனம் அமைதல் தகாது. இருவகைப் பிழைகள் இவ்வழக்கில் உள்ளன. ஆணைக்குழுவார் செய்தது முதற்பிழை. புதிய முறையைக் கண்டவுடன், அதுவே கேட்டுக்குக் காரணமென முடிபு கட்டினர். ஒன்றன்பின் மற்றொன்று நிகழ்ந்தமையால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்னும் அளவைநூல் நெறியை நீதிபதியின் தலைமையிலேயே மறந்தனர். இரண்டாம் பிழை பிற்காலத்து எழுத்தாளர் பலருடையது. அறிஞரின் பழியை நீக்கும் ஆர்வத்தால், அப்பழி முழுவதையும் இடுக்கியைத் தவறவிட்ட ஏழை உதவியாளர் தலையில் ஏற்றினர். இலிஸ்டர் நிலையத்தார் கூறியது, மாசு மல்கோவாலிற் புகுந்திருத்தலே பெரிதும் இயல்பு என்பதேயன்றி, ஐயத்துக்கு இடமற்ற தீர்ப்பு அன்று. மேலும், இடுக்கி விழுதல் எங்கும் நிகழக்கூடியது. மண்டிய கூட்டத்தின் நடுவே, கொதிநீரும் மாற்று இடுக்கியும் இன்றி, ஒரே நாளில் நூற்றுவர்க்கு மேற்பட்டோர்க்கு ஊசி ஏற்றுமாறு ஆட்களை அனுப்பிய பெருந்திட்டத்துக்கும் அதிற் பங்குண்டு. பெரிய பதவியிலிருப்பவன் பழியினின்று மீளும்பொழுது அப்பழி மறைவதில்லை. கீழே நிற்பவன்மேல் இறங்குகின்றது. இதனை வரலாற்றாசிரியர் விழிப்போடு நோக்குதல் வேண்டும்.

இன்னுமொரு குறையும் உண்டு. ஹாவ்கினின் பிறப்பு, கல்வி, துயரம், புகழ் அனைத்தும் நூல்களில் விரிந்து கிடக்கின்றன. போத்தலின் குறியெண்ணும் தவறாமற் குறிக்கப்பட்டுள்ளது. இறந்த பத்தொன்பதின்மரோ அந்நூல்களில் ஓர் எண்ணாகவே நிற்கின்றனர். அவர்கள் தாங்களாகக் கை நீட்டினரா, ஊர்த்தலைவன் சொல்லுக்கு அஞ்சி நீட்டினரா, அவர்தம் பிள்ளைகள் பின்னர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பவற்றை எழுதுவோர் கேட்கவில்லை. கொள்ளைநோய்க்குத் தப்பும் பொருட்டு முன்வந்தவர் அவர். ஊருக்கு வழிகாட்டியவர் அவர். மருத்துவ வரலாற்றில் அவர்க்கும் ஓர் இடம் உரியது.

மல்கோவாலோடு இத்தகைய துயரங்கள் நின்றுவிடவில்லை. 1930இல் செருமனியின் இலூபெக் நகரில் 251 குழந்தைகளுக்கு வாயால் ஊட்டப்பட்ட பீ.சீ.ஜீ. என்னும் காசநோய்த் தடுப்பு மருந்தில் கொடிய காசக் கிருமி கலந்திருந்தமையால் 72 குழந்தைகள் இறந்தன. அங்கும் காரணம் ஆய்வுகூடக் கவனக்குறைவே. பித்தேறிய விஞ்ஞானி எவரும் அங்கில்லை. அதன் மறு ஆண்டு, மாந்தரிடத்துச் சோதனை செய்வதற்கான விதிகளைச் செருமன் அரசாங்கம் வெளியிட்டது. அவ்விதிகள் இருந்தும், அதே நாட்டில் நாசி மருத்துவர் சிறைமுகாம்களிற் செய்த கொடுமைகளை உலகம் அறியும். அவர்களை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம் 1947இல் வகுத்த நெறிகளுள் முதலாவது, சோதனைக்கு உட்படுவோனின் மனமார்ந்த இசைவு இன்றியமையாதது என்பதாகும். பைகுல்லாச் சிறையில் எழாத வினா அங்கே விடை பெற்றது.

தமிழ்நாட்டிலும் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. 1948இற் சென்னைக் கிண்டியிலே பீ.சீ.ஜீ. மருந்தாக்கும் கூடம் அமைந்தது. 1955இல் அம்மருந்தைப் பெருந்திரளான மக்களுக்கு ஏற்றுவதை இராஜாஜி வன்மையாய் எதிர்த்தார். அவர் அச்சம் முழுவதும் மெய்யாகவில்லை. எனினும் 1968இற் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பேராய்வின் முடிபு 1979இல் வெளிவந்தபொழுது, வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரற் காசத்தை அம்மருந்து அப்பகுதியில் தடுக்கவில்லையெனத் தெரிந்தது. குழந்தைகளைத் தாக்கும் கடுங்காச வகைகளிலிருந்து காப்பதால் அது இன்றும் ஏற்றப்படுகின்றது. கேட்போன் கேள்வியும் ஆய்வோன் ஆய்வும் ஒருங்கு சேர்ந்தே உண்மையை வெளிக்கொணர்ந்தன என்பது இங்கே அறியத்தக்கது.

மல்கோவாலைக் கொன்ற ஏற்பு நோயையே பின்னர்த் தடுப்பூசி வென்றது. 1978இல் இலங்கையிற் குழந்தைகளுக்கான விரிவுபெற்ற தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. தாய்க்கும் பிறந்த சேய்க்கும் வரும் ஏற்பு தென்கிழக்காசியப் பகுதியில் ஒழிக்கப்பட்டதென 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. படுவான்கரைத் தாயொருத்தி கருவுற்ற காலத்திற் சுகாதார நிலையத்தில் ஊசி ஏற்றிக்கொள்ளும்பொழுது, புதிய ஊசியொன்று அவள் கண்முன்னே உறைபிரித்து எடுக்கப்படுகின்றது. மருந்துக் குப்பியில் ஆக்கத் தொகுதியெண் பொறிக்கப்பட்டுள்ளது. ஊசிக்குப்பின் தீங்கு நேரின் அறிவிப்பதற்கு முறையுண்டு. இச்சிறு முறைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மல்கோவால் போன்ற ஓர் ஊர் உள்ளது.

அச்சப் படம் பார்த்து வெளிவருவோன் விஞ்ஞானியை அஞ்சக் கற்றுக்கொள்கின்றான். இவ்வரலாறோ வேறு பாடங்களைக் கற்பிக்கின்றது. விரைவுக்காகத் தூய்மையைக் கைவிடலாகாது. மருந்து பெறுவோன் கேட்கும் கேள்விக்கு விடை கூறாது ஊசியை நீட்டலாகாது. கேடு விளைந்தபின் அகப்பட்டவன்மேற் பழியைச் சுமத்தாது, சான்றுகளை வெளிப்பட வைத்து ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியில் ஹாவ்கினுக்கு ஐந்தாண்டு கழித்து நீதி கிடைத்தது. அந்தப் பத்தொன்பதின்மர்க்குச் செய்யக்கூடிய நீதி, அவர்கள் இறந்த காரணத்தால் மற்றொருவர் இறவாதபடி காத்தலே. அக்கடமை மருத்துவர்க்கு மாத்திரமன்றி, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஆட்சியாளர்க்கும் உரியது.